வாயால் சொன்ன கோளாறு

ஜூன் 3, செவ்வாய்

இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ஜனவரியில் கொடுத்த டைரி. ஐந்து மாதமாக ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது. இன்றைக்குத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன். காரணம் இருக்கிறது.

எங்கள் விமானக் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் ஹரிகிருஷ்ணன் கூப்பிட்டார். இந்த மாதம் 27-ஆம் தேதி பாதுகாப்பு வாரக் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். தலைப்பு, 'விமானம் இறங்கும்போது விழிப்பு'. "உங்களை விட்டா வேற யாரு இருக்கா கேப்டன்?" என்றார். ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்தேன். யாரும் இல்லைதான். பேச்சு நன்றாக அமைந்தால் பயிற்சித் தலைவர் பதவியும் என்னைத் தேடி வரும் என்று ஜாடையாகச் சொன்னார். ஆகவே தினமும் குறிப்பு எழுதிச் சேர்ப்பது என்று முடிவு.

பிற்காலத்தில் யாராவது படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: கேப்டன் பூவநாதன், வயது ஐம்பத்து நாலு, ஆகாயத்தில் கழித்தது பதினாலாயிரம் மணி நேரம். மனைவி செண்பகவல்லி. இருவருக்கும் கோவில்பட்டி. ஊர்க் கோயில் சுவாமி பெயர் எனக்கு, அம்பாள் பெயர் அவளுக்கு என்பதால் ஜாதகமே பார்க்காமல் கட்டி வைத்துவிட்டார்கள். பார்த்திருக்கலாம்.

இப்போதெல்லாம் வல்லி சாப்பாட்டு மேஜையில் முணுமுணுவென்று பேசுகிறாள். அப்புறம், "சொன்னதுக்குப் பதிலே இல்லையே" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். காரில் போகும்போது மட்டும் தெளிவாகப் பேசுவாள். இடது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "பிரேக்கப் போடுங்க, பிரேக்கப் போடுங்க" என்று கத்த மட்டும் குரல் வந்துவிடும்.

பேச்சுக்குக் குறிப்பு: ஏறும்போது எல்லா பைலட்டும் விழித்திருப்பான். இறங்கும்போதுதான் வீட்டு ஞாபகம் வரும்.


ஜூன் 5, வியாழன்

கோயம்புத்தூர் போய் வந்தேன். பக்கத்து ஸீட்டில் நிலோஃபர். ஆம்பூர்ப் பெண், இருபத்தாறு வயது. கோ-பைலட்டாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ப்ரொபேஷன் இன்னும் முடியவில்லை. முடிகிறவரை ஒரு கரும்புள்ளி விழுந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நல்ல பெண். படித்திருக்கிறாள். ஒரே குறை, வாய்க்குள்ளேயே பேசுகிறாள். இத்தனைக்கும் ஹெட்போனில் வலது காதுப் பகுதியை நான் எப்போதும் பின்னால் தள்ளி வைத்திருப்பேன். ரேடியோ இடது காதில், பக்கத்து ஸீட்டுப் பேச்சு நேரடியாக வலது காதில். பழைய ஆட்களின் பழக்கம் அது. அப்படிச் செய்தும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் பேசுவது பாதி விளங்கவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு ஜன்னல் துடைப்பான் முரண்டு பிடித்தது. உடனே அவள் புத்தகத்தை எடுத்தாள். விமானத்தில் தடிமனாக ஒரு புத்தகம் உண்டு. எந்தக் கோளாறு கண்டாலும் அதில் எழுத வேண்டும் என்பது சட்டம். எழுதிவிட்டால், இன்ஜினியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவரை விமானம் நகரக் கூடாது. எங்கள் இன்ஜினியர்கள் இருப்பதோ சென்னையில். அதனால் வெளியூரில் யாரும் எழுத மாட்டோம். அடுத்து ஓட்டப் போகிறவனிடம் வாயால் சொல்லிவிடுவோம். "அண்ணே, அது கொஞ்சம் மக்கர் பண்ணுது, பாத்துக்கங்க." அவ்வளவுதான். சென்னை திரும்பியதும் சாவகாசமாக எழுதிக்கொள்ளலாம். போன வருடம் போர்ட் பிளேரில் புது கேப்டன் ஒருவன் சட்டப்படி எழுதிவிட்டான். நூற்று அறுபது பேர் இரண்டு நாள் அங்கேயே கிடந்தார்கள். அவனை இன்றைக்கும் 'எழுத்தாளர்' என்றுதான் கூப்பிடுகிறோம்.

இதையெல்லாம் நிலோஃபருக்கு விளக்கினேன். ஏதோ கேட்டாள். இரண்டாம் முறைதான் விளங்கிற்று.

"சொல்ல மறந்துட்டாங்கன்னா சார்?"

"பைலட் மறக்க மாட்டாம்மா."

சமாதானமானதாகத் தெரியவில்லை. இவர்களுக்குச் சொல்வதெல்லாம் செவிடன் காதில் ஊதின சங்குதான்.


ஜூன் 6, வெள்ளி

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பார்த்துக்கொள்ளச் சொன்னாளாம். சொல்லவே இல்லை.


ஜூன் 9, திங்கள்

ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் மருத்துவப் பரிசோதனை. ரத்த அழுத்தம் சரி. கண் சரி. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, வல்லியிடம் சொல்லப்போவதில்லை.

காதுப் பரிசோதனைக்கு ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டுவார்கள். 'கீ' என்று சத்தம் வரும்போதெல்லாம் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். இடது காது முடிந்தது. வலது காதுக்கு வந்தபோது மெஷின் மந்தம். ஒயர் பழசாகிவிட்டது போலிருக்கிறது. நல்லவேளையாக எதிரே ஏதோ ஒரு சாமி படம் மாட்டியிருந்தார்கள். அதன் கண்ணாடியில், வெளியே மெஷினைத் திருப்புகிற அம்மாவின் கை தெரிந்தது. கை அசைந்தபோதெல்லாம் அழுத்தினேன். அந்த அம்மாவின் வேலையைக் கெடுப்பானேன்.

"பர்ஃபெக்ட் கேப்டன்" என்றார்கள். விழிப்பு என்றால் இதுதான். ஆனால் இதை மேடையில் சொல்ல முடியாது.


ஜூன் 12, வியாழன்

நேற்று மதுரையில் தங்கல். இன்று காலை அங்கிருந்து சென்னைக்கு விமானம் எடுத்தேன். மும்பையிலிருந்து அதைக் கொண்டுவந்தவன் கேப்டன் தேவசகாயம். என்னிடம் பயிற்சி எடுத்தவன், என்னை அண்ணே என்றுதான் அழைப்பான். படிக்கட்டுக்குக் கீழே என் பக்கத்தில் நின்று, வழக்கம்போல் என்னமோ சொன்னான். விமானத்தின் வாலில் இருக்கும் சின்ன எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது. தேவசகாயம் எதைச் சொன்னாலும் அதில் முக்கால்வாசி அவன் மச்சினன் வீடு கட்டுகிற கதையாக இருக்கும். தலையை ஆட்டிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவனும் காட்டிவிட்டு ஓட்டலுக்குப் போய்விட்டான்.

சென்னையில் இறங்கும்போது வேகம் கொஞ்சம் குறைந்தது. எஞ்சினுக்குச் சக்தி கொடுத்து மேலே ஏற்றி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி இறக்கினேன். வழக்கமான நடைமுறைதான். இறங்கிப் போகும்போது ஒரு பெரியவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஒரே டிக்கெட்ல மெட்ராஸை ரெண்டு தடவை காட்டிட்டீங்களே தம்பி!"

பக்கத்து ஸீட்டில் நிலோஃபர்தான் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண், பழகாதது.

வீட்டில் தேங்காய்த் துவையல். மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுத்தாயா, சத்தம் குறைந்திருக்கிறதே என்று வல்லியைப் பாராட்டினேன். கொடுக்கவே இல்லை என்கிறாள்.


ஜூன் 13, வெள்ளி

தூக்கமில்லை. கொசு.


ஜூன் 14, சனி

முந்தாநாள் அரைகுறையாக எழுதிவிட்டேன். முறையாக எழுதி வைப்பது நல்லது.

விமானம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சொல்ல இரண்டு கருவிகள் உண்டு. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. எஞ்சினின் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் இயந்திரம் இருக்கிறதே, அது இடது பக்கத்துக் கருவியின் பேச்சை மட்டும்தான் கேட்கும். வலது பக்கத்தது தொண்டை கிழியக் கத்தினாலும் அதற்குக் காது கிடையாது. இப்படி ஒரு இயந்திரத்தை எவன் செய்தானோ!

வியாழக்கிழமை நாங்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரம் அடியில் இருந்தபோது இடது கருவி கெட்டுப்போய், 'தரைக்கு வந்துவிட்டோம்' என்று சொல்லியிருக்கிறது. இயந்திரமும் அதை நம்பி எஞ்சினை அடக்கிவிட்டது. இறங்கும்போது எப்படியும் வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் வருவோம் என்பதால் முதலில் வித்தியாசம் தெரியாது. நூற்று நாற்பத்து நாலில் நிற்க வேண்டிய வேகம், நிற்காமல் நூற்றுப் பத்து வரை போய்விட்டது. அதற்கும் கீழே போனால் இறக்கைக்குக் காற்றுப் பிடிக்காது. விமானம் வெறும் கல்.

ஐந்நூறு அடியில் என் கையிலிருந்த கைப்பிடி கடகடவென்று ஆடியது. விழப்போகிறோம் என்று விமானம் கையைப் பிடித்து உலுக்குகிற கடைசி எச்சரிக்கை அது. பதினாலாயிரம் மணி நேரத்தில் பயிற்சி மெஷினுக்கு வெளியே அதை நான் பார்த்ததில்லை. கீழே கொளப்பாக்கத்து மொட்டை மாடிகளில் துணி காய்ந்தது. ஒரு சிவப்புப் போர்வையைப் பார்த்தேன்.

எஞ்சின் நெம்புகோலில் அப்போது இரண்டு கைகள் இருந்தன. எந்தக் கை முதலில் வந்தது என்பது முக்கியமில்லை. நூற்று அறுபத்திரண்டு பேரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். நான் ஓட்டும்போது, வேகம் குறைந்தால் 'ஸ்பீட்' என்று குரல் கொடுப்பது பக்கத்து ஸீட்டின் வேலை. அதற்காகத்தான் அங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதே. இரண்டு தடவை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் விமானத்தை அவர்களே வாங்கிக்கொள்ளலாம் என்பதும் விதி. காக்பிட் அமைதியாக இருந்தது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திடீரென்று என் கைக்கு மேல் கையை வைத்துத் தள்ளினாள்.

அறிக்கையில் அப்படியே எழுதிக் கொடுத்தேன். 'கோ-பைலட் எச்சரிக்கவில்லை, அனுமதியின்றி நெம்புகோலைத் தொட்டார்.' உண்மையை எழுதுவதில் தயவு தாட்சண்யம் கூடாது.

மாலையில் அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். விசாரணை முடிகிறவரை.


ஜூன் 15, ஞாயிறு

தண்ணீர் லாரி வரவில்லை. வல்லி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். லாரிக்காரனுக்கு நானே போன் செய்தேன். போனில் மனிதர்கள் ஒழுங்காகப் பேசுகிறார்கள். இப்போது போனை இடது கையில் பிடித்துப் பழகிவிட்டேன், வலது கை எழுத வசதியாக இருக்கிறது.


ஜூன் 17, செவ்வாய்

நிலோஃபர் வீட்டுக்கு வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல். நான் சோபாவில் இருந்தேன். எனக்கு வலது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வல்லி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே நின்றாள்.

அந்தப் பெண் ரொம்ப நேரம் பேசினாள். நான் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு பொறுமையாகத் தலையாட்டினேன். கடைசியில் அவள் முகத்தைப் பார்த்தால் என்னமோ கேட்டுவிட்டுக் காத்திருக்கிற மாதிரி இருந்தது.

"பாப்போம்மா" என்றேன். எதற்கும் பொருந்துகிற பதில்.

வல்லி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அப்புறம் அவளே கேட்டாள். எதிரே நின்றதால் விளங்கிற்று.

"எத்தனை தடவ கூப்பிட்டேம்மா நீ?"

நிலோஃபர் மூன்று விரலைக் காட்டினாள்.

"மூணு தடவையும் இப்ப பேசுதேல்ல, இதே மாதிரிதானா?"

"இத விட சத்தமா ஆன்ட்டி. கடைசி தடவ கத்திட்டேன்." இதைச் சொல்ல அவள் வல்லி பக்கம் எழுந்து போயிருந்தாள், அதனால் கேட்டது.

அவள் போனபின் வல்லி சொன்னாள், "எவ்வளவு கணீர்னு பேசுது அந்தப் பொண்ணு!" கணீரா? வல்லிக்கு யாராவது அழுதால் போதும், கட்சி மாறிவிடுவாள். அந்தப் பெண் அழுததைக்கூட வல்லி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேச்சுக்குக் குறிப்பு: தவறு செய்தவன் ஒப்புக்கொள்வதுதான் பாதுகாப்பின் முதல் படி.


ஜூன் 18, புதன்

மாலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், வலது பக்கம் ஒரு முழ தூரத்தில் வல்லி நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது. கண் கலங்கியிருந்தது. வெங்காயம் நறுக்கியிருப்பாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இட்லிதான். வெங்காயம் எதிலும் இல்லை.


ஜூன் 19, வியாழன்

தேவசகாயம் போன் செய்தான்.

"அண்ணே, நான் படிச்சுப் படிச்சு சொன்னேனேண்ணே. இடது பக்கத்துக் கருவி மும்பையிலயே மக்கர் பண்ணிச்சு, எறங்கும்போது எஞ்சினை ஆட்டோமேட்டிக்ல விடாதீங்க, கையிலயே ஓட்டுங்கன்னு. நீங்க கட்டைவிரலக் காட்டினீங்களே?"

"நீ உன் மச்சினன் வீட்டைப் பத்திச் சொன்ன."

"எம் மச்சினன் வீட்டு வேல போன மாசமே முடிஞ்சிருச்சுண்ணே."

கோபம் தலைக்கேறிவிட்டது. சொன்னேன், சொன்னேன் என்கிறானே, அதற்கு என்ன சாட்சி? புத்தகத்தில் எழுதினானா? எழுதியிருந்தால் இன்றைக்கு இந்த வாக்குவாதமே இல்லையே! பொறுப்புள்ள பைலட் என்றால் எழுதி வைக்க வேண்டாமா என்று நன்றாகக் கேட்டுவிட்டேன். 

"நீங்கதானண்ணே வெளியூர்ல எழுதாதடான்னு சொல்லிக் குடுத்தீங்க" என்றான்.

லைனைத் துண்டித்துவிட்டேன். நன்றி கெட்ட உலகம்.


ஜூன் 20, வெள்ளி

ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அவள் கூப்பிட்டேன் என்கிறாள், இவன் சொன்னேன் என்கிறான். நடுவில் நான் பொய்யனாம். காக்பிட்டில் பேசுவதெல்லாம் பதிவாகிற பெட்டி ஒன்று உண்டு. 12-ஆம் தேதிப் பதிவை இன்ஜினியர்கள் எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக் கேட்டே ஆக வேண்டும் என்று ஹரிகிருஷ்ணனிடம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன்.

"வேணுமா கேப்டன்? சும்மா பேசி முடிச்சிரலாமே" என்று தயங்கினார்.

மடியில் கனமில்லை, எனக்கு வழியில் என்ன பயம்? விசாரணை 25-ஆம் தேதி.


ஜூன் 22, ஞாயிறு

காரில் காய்கறி வாங்கப் போனோம். வல்லி இன்றைக்கு ஒரு தடவைகூடப் பிரேக் போடச் சொல்லவில்லை. சிக்னலில் நின்றபோது சொன்னாள்.

"அந்தப் பிள்ள பொய் சொல்லலைங்க."

"உனக்கு விமானத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"விமானத்தப் பத்தித் தெரியாது." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டாள். "நாளைக்கு ஒரு காது டாக்டரப் பாத்துட்டு வருவமா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவளுக்குக் காதில் என்ன கேடு? பாம்புக் காது. அடுப்படியில் இருந்துகொண்டே, ஹாலில் நான் மிக்சர் டப்பா திறக்கிற சத்தத்தைக் கேட்பவள். விசாரணை முடியட்டும் என்று சொல்லிவிட்டேன்.  முருங்கைக்காய் வாங்க மறந்து திரும்பினோம்.


ஜூன் 24, செவ்வாய்

நாளைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை நானே இஸ்திரி போட்டேன். காலரில் பழுப்பு. பேச்சுக்கு எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது.


ஜூன் 25, புதன்

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

சின்ன அறை. நீள மேஜை. எனக்கு இடது பக்கம் நிலோஃபர், எதிரே கமிட்டியில் இரண்டு பேர், வலது பக்கம் மேஜையின் தலைமாட்டில் ஹரிகிருஷ்ணன். அந்தப் பெண் ஒரு பச்சைத் துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது. பதிவு ஓடினால் மாட்டிக்கொள்வாளே என்று.

போட்டார்கள். ஸ்பீக்கர் மேஜை நடுவில். முதலில் காற்று இரைச்சல். அப்புறம் ஒரு ஆள் பேசுகிற சத்தம். மீன் மார்க்கெட்டில் பேசுகிற மாதிரி அப்படி ஒரு கூச்சல். யார் இவ்வளவு சத்தமாகப் பேசுகிறது என்று நினைத்தேன். நான்தான்.

"இப்ப பாரும்மா, எறங்கும்போது காக்பிட்ல வெட்டிப் பேச்சுக் கூடாது. கண்ணு மீட்டர்ல இருக்கணும், காது பக்கத்து ஸீட்ல இருக்கணும். இதத்தான் இருபத்தேழாந்தேதி மேடையில சொல்லப்போறேன்."

"ஸ்பீட்."

"ஆரம்பத்துல ஒரு குட்டிக் கதை. ஒரு ஊர்ல ஒரு காவக்காரன் இருந்தான்."

"சார், ஸ்பீட்!"

"ராத்திரி பூரா கண்ண மூட மாட்டான். அப்படி ஒரு காவல்."

"ஸ்பீட்! சார்! ஸ்பீட்!" அப்புறம், விமானத்தைத் தான் வாங்கிக்கொண்டதாக விதிப்படி அவள் அலறியது. "ஐ ஹேவ் கன்ட்ரோல்!" அப்புறம் அந்தக் கடகட. எஞ்சின் உறுமல். நான் பேச்சை நிறுத்தினது அப்போதுதான். அதுவரை ஓர் இடத்தில்கூட நான் மூச்சு விட நிற்கவில்லை. அவள் பேசினதற்காக நிற்கவில்லை. அப்படி ஒரு ஆள் பக்கத்தில் இருக்கிறாள் என்கிற அடையாளமே என் பேச்சில் இல்லை.

காக்பிட் அமைதியாக இருந்தது என்று இதே டைரியில் எழுதியிருக்கிறேன். எனக்கு அமைதியாகத்தான் இருந்தது.

யாரும் பேசவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எதற்குப் பார்க்கிறார்கள் என்று நானும் பார்த்தேன். நிலோஃபர் மெதுவாக என் சட்டைக் கையைத் தொட்டாள். "சார், உங்களத்தான் கேக்கிறாங்க."

திரும்பினேன். ஹரிகிருஷ்ணன் அந்தக் கேள்வியை எத்தனையாவது முறையாகக் கேட்டாரோ, தெரியாது. நல்ல மனிதர். முகத்தில் கோபம் இல்லை. எழுந்து என் நேரே வந்து நின்று, எடுத்துக் கொடுக்கிற மாதிரி கேட்டார்.

"கேப்டன், அவங்க கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சு. பேச்சு சுவாரஸ்யத்துல விட்டுட்டீங்க. அப்படித்தான? அப்படின்னா அது ரெண்டு பேருக்கும் இடையில ஒத்துழைப்புக் குறைவு. ரெண்டு பேருக்கும் மூணு வாரப் பயிற்சி. ஃபைல மூடிடலாம்."

எனக்கு மூன்று வாரம். பிறகு பழைய ஸீட், பழைய தொப்பி. ப்ரொபேஷனில் இருக்கும் பெண்ணுக்கு அதே மூன்று வாரம் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பட்டாவைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டாள்.

எனக்குப் பயமாக இருந்தது. ஐந்நூறு அடியில் வராத பயம் இப்போது வந்தது. விமானம் இல்லாமல் நான் யார் என்று எனக்குத் தெரியாது. ஆமாம் என்ற ஒரு சொல் போதும். நாக்கு நுனி வரை வந்தது.

"கேக்கல" என்றேன். "வலது காது. போன தீபாவளிக்கு முன்னாடியே போயிருச்சு. தெரியும் எனக்கு. மெடிக்கல்ல ஏமாத்தினேன். தேவசகாயம் மதுரையில சொன்னதும் கேக்கல. கேட்ட மாதிரி கட்டைவிரலக் காட்டினேன்."

சொன்ன பிறகு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவையும் இந்த டைரிக்குக்கூடச் சொன்னதில்லை. கொசு என்றும் ஒயர் என்றும் வெங்காயம் என்றும் எழுதி வைத்திருக்கிறேன். வல்லி அன்றைக்கு என் பக்கத்தில் நின்று எத்தனை தடவை கூப்பிட்டாளோ.

ஹரிகிருஷ்ணன் கமிட்டிக்காரர்களைப் பார்த்தார். ஒருவர் பேனாவை மூடி வைத்தார். அப்புறம் ஹரிகிருஷ்ணன் என் அருகே குனிந்தார்.

"இத எழுத வேண்டாம் கேப்டன். எழுதினா உங்க லைசென்ஸ் போயிரும், கம்பெனி பேரும் கெடும். நமக்குள்ள வாயோட இருக்கட்டும். உடம்பு சரியில்லன்னு நீங்களா லீவு போட்டு ஒதுங்கிக்குங்க."

"இந்தப் பொண்ணு?"

"பாப்போம்."

நான் அந்த வார்த்தையை எதற்கெல்லாம் பயன்படுத்துவேன் என்று எனக்குத் தெரியும். முப்பது வருடமாக எத்தனை பிள்ளைகளுக்கு 'எழுதாதே, வாயால் சொல்' என்று பாடம் எடுத்திருக்கிறேன். அதே பாடத்தை இப்போது எனக்கு நடத்துகிறார்கள். வாத்தியாருக்கு மாணவனாகிற கஷ்டம் இன்றைக்குத்தான் தெரிந்தது.

தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டு நானே எழுதினேன். 'கோ-பைலட் விதிப்படி மூன்று முறை எச்சரித்தார். கேப்டனுக்குக் காது கேட்காததால் அவர் பதில் சொல்லவில்லை. கோ-பைலட் விமானத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து நூற்று அறுபத்திரண்டு பேரைக் காப்பாற்றினார். என் முந்தைய அறிக்கை தவறு.' தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். கமிட்டிக்காரர்கள் இருவரையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டார்கள். வேறு வழியில்லை.

வெளியே வராந்தாவில் நிலோஃபர் பின்னாலேயே வந்தாள். வலது பக்கமாக வந்து என்னமோ சொன்னாள். உதடு அசைந்தது.

"கேக்கலம்மா. இந்தப் பக்கம் வந்து சொல்லு."

என்னைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து நின்றாள். வல்லி சொன்னது சரிதான். கணீரென்ற குரல்.

"இனிமே நீங்க பறக்கவே முடியாதே சார்" என்றாள்.

அது நன்றாகவே கேட்டது.